பத்தொன்பது அடி நீளப் படம்



இந்த அறக்கட்டளை யார் நினைவாக நடக்கிறதோ அவர் ஓவிய ஆசிரியர். ஓவியத்தைப் பற்றித்தான் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டது ஒரு புகைப்படக்காரரை. அவரும் கலைஞர் என்ற பெயரில் சம்பளம் வாங்கியவர் அல்லர். கிழக்கிந்தியக் கும்பினிப் படையில் கேப்டன்.

லின்னேயஸ் டிரைப் என்பது அவர் பெயர். 1822இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பிறந்தவர். 1855இல் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோடு சென்று படம் எடுத்தார். மறு ஆண்டு சென்னை மாகாண அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. வடக்கே சிப்பாய்க் கலகம் இன்னும் அடங்காத 1857 டிசம்பரில் கிளம்பி, இராயக்கோட்டை, திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று அடுத்த சில மாதங்களில் சுற்றி முடித்தார்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் கல்வெட்டு வரிவரியாக ஓடுவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதைத் தொடர்ச்சியாகக் காட்ட வேண்டும் என்று டிரைப் முடிவு செய்தார். எந்தக் கேமராவிலும் அது அடங்காது. துண்டு துண்டாக 21 படங்கள் எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே பட்டையாக்கினார். சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. கேமராவை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் சுவருக்கும் அதற்கும் இடையே தூரம் மாறக் கூடாது. மாறினால் எழுத்து ஓரிடத்தில் பெருத்து, ஓரிடத்தில் சிறுத்துவிடும். வெயிலோ யாருக்காகவும் நிற்காது.

அந்தப் படத்தில் விமானத்தின் உயரம் இல்லை, சிலை இல்லை, கும்பிடும் மனிதர் இல்லை. கல்லும் எழுத்தும் மட்டும்தான். இன்ன அளவு சட்டத்துக்குள் இன்னதை அடக்குவேன் என்று புகைப்படக்காரர் தீர்மானிக்கவில்லை. இவ்வளவு நீளம் வேண்டும் என்று சுவர் சொன்னது, அவர் கேட்டுக்கொண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் மண்ணில் எடுத்த படங்களில் இதுவே துணிச்சலானது என்பது என் கட்சி. அந்தக் கல்வெட்டுகளைக் கல்வெட்டு அறிஞர் ஹுல்ஷ் படித்து அச்சேற்றத் தொடங்கியது இதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

இனி அவருடைய மேகங்களுக்கு வருகிறேன். ஓவிய மாணவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.

டிரைப்பின் பெரிய படங்களுக்கு நெகட்டிவ் என்பது கண்ணாடியோ பிலிமோ அல்ல. மெழுகு ஊட்டிய காகிதம். முன்கூட்டியே தயார் செய்து மூட்டை கட்டிக்கொண்டு போகலாம் என்பது அதன் வசதி. அதற்கு ஒரு குறையும் உண்டு. அந்தக் கால ரசாயனம் நீல ஒளியைத்தான் அதிகமாக வாங்கிக்கொள்ளும். கோபுரத்துக்குச் சரியாக வெளிச்சம் கொடுத்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். இலைகளும் காற்றில் அசைந்து கலங்கிப்போகும். இவர் தூரிகையை எடுத்தார். நெகட்டிவில் சாயம் பூசிய இடம் அச்சில் வெளுத்து வரும் அல்லவா? அப்படித் தொட்டுத் தொட்டு வானத்தில் மேகத்தையும் மரத்தில் இலைகளின் பளபளப்பையும் வரவழைத்தார். உண்மையைப் பதிவு செய்ய அரசு அனுப்பிய ஆள், இல்லாத மேகத்தை வரைந்திருக்கிறார்! இதை மோசடி என்போரும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கல்வெட்டில் அவர் கைவைக்கவில்லை; வானத்தில்தான் கைவைத்தார். எங்கே தொடலாம், எங்கே தொடக் கூடாது என்ற அந்தப் பகுத்தறிவைத்தான் நான் கலை என்கிறேன்.

மதுரைத் திருமலை நாயக்கர் மகாலையும் எடுத்தார். நேப்பியர் பிரபு ஆளுநராக வந்து பழுது பார்ப்பதற்கு முந்தைய, சிதைந்து கிடந்த மகால் அது. அங்கே ஒலியும் ஒளியும் காட்சி பார்த்துத் திரும்பியவர்கள் அந்தப் படங்களை ஒருமுறை பார்த்தால் நல்லது.

இத்தனைக்கும் என்ன மரியாதை கிடைத்தது? 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், அரசின் நிதிநிலைக்கு இது ஆடம்பரச் செலவு என்று கருதித் திட்டத்தை நிறுத்திவிட்டார். சிக்கனம் என்றால் முதல் கத்தி கலையின் மேல்தான் விழும் போலிருக்கிறது. டிரைப் 1902இல் மறைந்தார். அவருக்கென்று ஒரு பெரிய கண்காட்சி வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களில் நடந்தது 2014, 2015இல்.

அரிய படம் வேண்டும் என்று வெளியூர்க் காட்சிக்கூடங்களைத் தேடிப் போகிறோம். டிரைப்பின் படங்கள் அரசாங்கத் தொகுதிகளில் ஆவணம் என்ற பெயரில் கிடந்தவை. இதே மாதிரி, நம் ஊர்களில் மூடிப்போன ஸ்டூடியோக்களின் பரண்களில் கண்ணாடி நெகட்டிவ்கள் கிடக்கின்றன. வெள்ளியைப் பிரிப்பதற்காகவும் கண்ணாடிக்காகவும் அழிந்தவை ஏராளம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழக ஸ்டூடியோப் படங்களைத் திரட்டி மின்னணுப் பிரதி எடுத்திருக்கிறது. ஆனாலும் ஒரு நிறுவனம் எத்தனை பரண்களில் ஏற முடியும்?

எனவே இங்கே வந்திருக்கும் ஸ்டூடியோக் குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். பெட்டியைப் பழைய பொருள் கடைக்குப் போடுவதற்கு முன் திறந்து பாருங்கள். நெகட்டிவ் ஒவ்வொன்றையும் ஓரத்தைப் பிடித்து எடுத்து, தனித்தனிக் காகித உறையில் இட்டு, நிறுத்திவையுங்கள். தண்ணீர் விட்டுத் துடைக்காதீர்கள். யார் எடுத்தது, எந்த ஊர் என்று தெரிந்ததை உறையின் மேல் பென்சிலால் எழுதிவையுங்கள்.