வாங்கிய நிலத்தில் வாழ அனுமதி



உள்ளாட்சி பற்றிப் பேச அழைத்தீர்கள். இங்கிலாந்தின் கிராமப்புறக் கவுன்சில்கள் பல ஆண்டுகளாகத் திணறிவரும் ஒரு விவகாரத்தை எடுத்துக்கொண்டேன். ஜிப்சிகளும் டிராவலர்களும் கேரவன் நிறுத்திக் குடியிருக்க இடம் கேட்டால் கொடுப்பதா, மறுப்பதா? நம் நரிக்குறவர்களோடு ஒப்பிட்டுப் பேசுவேன் என்று சிலர் எதிர்பார்க்கலாம். இரு சமூகங்களின் வரலாறும் வேறு, சட்டமும் வேறு. ஒன்றை வைத்து மற்றதை விளக்கப் போனால் இரண்டும் கெடும்.

ரொமானி ஜிப்சிகள் 16ஆம் நூற்றாண்டு முதல் அந்நாட்டில் இருப்பவர்கள். ஐரிஷ் டிராவலர்கள் வேறொரு சமூகம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் முதன்முறையாக இவர்களுக்கெனத் தனிக் கட்டம் வந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 58,000 பேர். அவர்களிலும் பெரும்பாலோர் வீடுகளிலேயே வசிக்கிறார்கள். இத்தனை சிறிய கூட்டத்துக்காகவா இத்தனை கூச்சல் என்று கேட்கத் தோன்றும்.

முன்பெல்லாம் கென்ட் பக்கம் ஹாப் கொடி அறுப்புக்கும் பழம் பறிக்கவும் வரும் குடும்பங்களைப் பண்ணைக்காரர்களே தங்கள் நிலத்தில் தங்கவிட்டார்கள். 1960ஆம் ஆண்டுச் சட்டம் கேரவன் நிறுத்தும் இடத்துக்கு உரிமம் வேண்டும் என்றது. பொதுப் புல்வெளிகளை அடைக்கவும் கவுன்சில்களுக்கு அதிகாரம் தந்தது. பண்ணைக்காரர்கள் கையை விரித்தார்கள். லிபரல் கட்சி எம்.பி. எரிக் லபக் கொண்டுவந்த 1968 சட்டம், இடம் அமைத்துத் தருவதைக் கவுன்சில்களின் கடமை ஆக்கியது. பல கவுன்சில்கள் இழுத்தடித்தன. அமைந்த இடங்களிலும் பல, நெடுஞ்சாலையின் இரைச்சலிலோ குப்பைமேட்டின் அருகிலோதான். 1994இல் அந்தக் கடமையும் நீக்கப்பட்டது. சொந்தமாக நிலம் வாங்கி அனுமதி கேளுங்கள் என்றது அரசு.

வாங்கினார்கள். வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது.

ஒரு குடும்பத்துக்கான இடத்தை ‘பிட்ச்’ என்பார்கள். கல் கொட்டிக் கெட்டிப்படுத்திய தரை, நிலையாக நிற்கும் ஒரு பெரிய கேரவன், பயணத்துக்கு ஒரு சின்னக் கேரவன், பக்கத்தில் சமையலறையும் குளியலறையும் கொண்ட சிறு கட்டடம். ஊர் சுற்றுகிறவர்களுக்குச் செங்கல் கட்டடம் எதற்கு என்று ஆட்சேபிப்பவர்கள் கேட்கிறார்கள். பழைய ரொமானிக் குடும்பங்களில் பாத்திரம் கழுவும் தொட்டி வேறு, உடம்பு கழுவும் தொட்டி வேறு. உண்டு உறங்கும் கேரவனுக்குள்ளேயே கழிப்பறை இருப்பதைத் தீட்டாகக் கருதுகிறவர்கள் அவர்கள். வரைபடத்தில் அந்தக் கட்டடத்தைக் காட்டும் சதுரம் ஆடம்பரத்துக்காக வரையப்பட்டதல்ல.

ஊர்க்காரர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். விடுமுறை வார இறுதிக்கு முன், வெள்ளிக்கிழமை மாலை அலுவலகம் பூட்டியதும் லாரிகள் கல் கொட்ட ஆரம்பிக்கும். செவ்வாய்க்கிழமை அலுவலகம் திறக்கும்போது அங்கே குடித்தனமே நடந்துகொண்டிருக்கும். அனுமதி மனு அதற்குப் பிறகுதான் வரும். தன் வீட்டில் ஓர் அறையை நீட்டிக்கவே மாதக்கணக்கில் அனுமதிக்குக் காத்திருந்தவருக்கு எரிச்சல் வராதா? வேண்டுமென்றே முந்திக்கொள்வதை மனுதாரருக்கு எதிராக எடைபோடலாம் என்று 2015இல் அரசும் அறிவித்தது.

ஆனால் முறைப்படி கேட்டவருக்கும் வழி எங்கே? குடியிருப்புகளை விட்டு விலகிய திறந்த வெளியில் புதிய இடங்களைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்து என்கிறது அரசின் திட்டமிடல் கொள்கை. ஊருக்குப் பக்கத்தில் கேட்டால், அருகிலுள்ள சமூகத்தை அது அமுக்கிவிடக் கூடாது என்கிறது. நகர்ப்புற நிலமோ வீடு கட்டி விற்பவர்கள் கொடுக்கும் விலையில்தான் கிடைக்கும். எஞ்சுவது பசுமை வளையத்தில், அதாவது நகரைச் சுற்றிக் கட்டடம் பெருகாமல் காக்கும் நிலத்தில், ஒரு வயல். அங்கே மிகச் சிறப்பான காரணங்கள் காட்ட வேண்டும்.

2015இல் இன்னொரு கூத்தும் நடந்தது. முதுமையாலோ நோயாலோ பயணத்தை நிரந்தரமாக விட்டவர், திட்டமிடல் கணக்கில் டிராவலரே அல்ல என்று விளக்கத்தை மாற்றினார்கள். கவுன்சில்களின் தேவைக் கணக்கிலிருந்து குடும்பங்கள் உதிர்ந்தன. 2022 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைப் பாகுபாடு என்றது. 2023 டிசம்பரில் பழைய விளக்கம் திரும்பியது.

மனு மறுக்கப்பட்டால் மேல்முறையீடு. அரசின் திட்டமிடல் ஆய்வாளர் வந்து பார்க்கிறார். ஐந்தாண்டுத் தேவைக்கான இடம் கவுன்சிலிடம் இல்லை. பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். மூன்று ஆண்டுக்குத் தற்காலிக அனுமதி கொடுத்துவிட்டுப் போகிறார். கவுன்சில் உறுப்பினருக்கும் இதில் வசதி உண்டு: ‘நான் மறுத்தேன், மேலிடம் கொடுத்துவிட்டது’ என்று வாக்காளரிடம் சொல்லிக்கொள்ளலாம். என் குறை மனுவை மறுக்கும் கவுன்சிலின் அந்த ஒருநாள் கூட்டத்தின் மீதல்ல. பல ஆண்டுகளுக்கான வளர்ச்சித் திட்டம் தீட்டும்போதே, இன்ன வயலில் இத்தனை பிட்ச் என்று குறிக்கும் துணிவு இல்லாமல் போனதே, அதன் மீதுதான். வாக்குத் தராத வேலை அது.

நீதிமன்றம் போனாலும் முடிவு நிச்சயமில்லை. ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றம் 2001இல் சாப்மன் வழக்கில், ஜிப்சிகளின் வாழ்முறைக்கு வழிசெய்யும் கடமை அரசுக்கு உண்டு என்றது. ஆனாலும் அந்த மனுதாரர் 10க்கு 7 என்ற கணக்கில் தோற்றார்.

இன்னோர் உதாரணம், எசெக்ஸில் பேசில்டன் அருகே டேல் ஃபார்ம் என்ற டிராவலர் குடியிருப்பு. பக்கத்துப் பிட்ச்களுக்கு அனுமதி இருந்தது, இதற்கு இல்லை. ஏறத்தாழ 80 குடும்பங்கள். பத்தாண்டு வழக்காடலுக்குப் பின் 2011 அக்டோபர் 19 அன்று போலீஸ் துணையோடு காலிசெய்யும் வேலை தொடங்கியது. வெளியேறியவர்களில் பலர் பக்கத்துச் சாலையோரத்திலேயே கேரவனை நிறுத்தினார்கள். அந்த நிலத்தின் ஒரு பகுதி முன்பு பழைய இரும்புக் கிடங்காக இருந்தது. பசுமை வளையத்திலேயே முன்பு பயன்படுத்தப்பட்ட நிலம் போன்றவற்றைச் சாம்பல் வளையம் என்று பிரித்து, தேவை நிறைவேறாத இடங்களில் டிராவலர்களுக்கும் திறந்துவிடலாம் என்று 2024 டிசம்பரில் கொள்கையைத் திருத்தியிருக்கிறார்கள். டேல் ஃபார்ம் மனு இன்று வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை, அவையிலுள்ள வழக்கறிஞர் நண்பர்கள் தேநீர் இடைவேளையில் வாதிடலாம்.