விரல் மீட்டரை நம்பலாம், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்



2020, 2021-ம் ஆண்டுகளில் கொரோனா பரவியபோது பல வீடுகளில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வாங்கி வைத்தார்கள். விரலில் கிளிப் மாதிரி மாட்டினால் ரத்தத்தில் எத்தனை சதவீதம் பிராணவாயு என்று காட்டும். நல்ல கருவிதான். ஆனால் அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பது தெரிய வேண்டும்.

இதன் தத்துவத்தை 1970-களில் கண்டறிந்தவர் ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயாகி. சிவப்பு ஒளியையும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் கருவி விரலுக்குள் செலுத்துகிறது. ரத்தம் எந்த ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்துக் கணக்குப் போடுகிறது.

95 முதல் 100 வரை இருந்தால் சரி. 94-க்குக் கீழே இறங்கினால் டாக்டரிடம் போங்கள். 90-க்குக் கீழே போனால் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

சரி, மீட்டர் தப்பாகக் காட்டுமா? காட்டும். 90 என்று காட்டும்போது உண்மை அளவு 86-ஆகவும் இருக்கலாம், 94-ஆகவும் இருக்கலாம். கை சில்லிட்டிருந்தால், நகப்பூச்சு இருந்தால், விரல் ஆடினால் கணக்கு தவறும். கறுத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டுவதுண்டு என்று 2020-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று எடுத்துக் காட்டியது. ஆகவே கையைத் தேய்த்துச் சூடாக்கி, பூச்சை அழித்து, ஒரு நிமிஷம் அசையாமல் வைத்துப் பாருங்கள்.

ரத்தசோகை உள்ள கர்ப்பிணிக்கும் மீட்டர் 98 காட்டும். இருக்கிற நாலு குடமும் நிறைஞ்சிருக்கு, சரி. வீட்டுக்கு எட்டுக் குடம் வேணுமே! அதை மீட்டர் சொல்லாது. ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். மூடிய அறையில் கரியடுப்புப் புகையில் மயங்கியவருக்கும் நல்ல நம்பரே காட்டும். அந்த நச்சு வாயு கலந்த ரத்தத்தை மீட்டருக்குப் பிரித்தறியத் தெரியாது. முதலில் அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள்.

கைக்குழந்தையின் சின்ன விரலுக்குப் பெரியவர்களின் கிளிப் பொருந்தாது. மீட்டரை விட்டுவிட்டு, குழந்தை அழாதபோது ஒரு நிமிஷம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, 5 வயது வரை 40. இந்த அளவோ அதற்கு மேலோ இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பக்கம் குழிவிழுந்தால், பால் குடிக்க மறுத்தால், உதடு நீலம் பாய்ந்தால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

நம்பர் நன்றாக இருந்தும் ஆள் திணறினால், ஆளைப் பாருங்கள், நம்பரைப் பார்க்காதீர்கள்.