இருபத்தோர் இலக்கங்கள்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர்களை மேடையேற்றினால் நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று தொடங்கிவிடுவார்களோ என்று பயந்திருப்பீர்கள். பயப்பட வேண்டாம். ஆண்டு பத்தில் எங்கள் கணித ரீச்சர் கரும்பலகையில் எழுதிய ஓர் எண்ணைப் பற்றித்தான் பேச வந்தோம்:

147573952589676412927

சதுரங்கப் பலகையில் ஒரு நெல், இரண்டு நெல், நான்கு நெல் என்று இரட்டித்து வைத்த கதை தெரியுந்தானே? பலகையில் 64 கட்டங்களுக்குப் பதிலாக 67 இருந்தால் மொத்த நெல் இவ்வளவு. இரண்டின் 67ஆம் வலுவில் ஒன்று குறைவு.

1644இல் மேர்சேன் என்ற பிரெஞ்சுத் துறவி இதை முதன்மை எண்களின் பட்டியலில் சேர்த்தார். 1876இல் லூக்கா என்பவர், வகுத்துப் பார்க்காமலே வேறொரு சோதனையால், இது முதன்மை எண் அல்ல என்று காட்டினார். எந்த எண்களால் பிரியும் என்பதை அந்தச் சோதனை சொல்லவில்லை.

இந்த நிலை வைத்தியர்களுக்கு நன்றாகத் தெரியும். இரத்தப் பரிசோதனை ஏதோ சரியில்லை என்கிறது. எங்கே என்று சொல்வதில்லை. கட்டிலருகே நிற்கும் தாய், "பிள்ளைக்கு என்ன வருத்தம் டொக்டர்?" என்று கேட்கிறா. "வருத்தம் இருக்கு, என்னவென்று இன்னும் பிடிபடேல்லை" என்று சொல்வதைப்போல் கடினமான வேலை எங்கள் தொழிலில் இல்லை. இந்த எண் அப்படியே 27 வருடம் கிடந்தது.

தேட ஒரு பிடி இருந்தது. இதன் காரணி எதையும் 134ஆல் வகுத்தால் 1 மீதி வரவேண்டும். அப்படியும் 135, 269 என்று வரிசையாகப் போனால் 1,445,580ஆவது எண்தான் முதற் காரணி! அமெரிக்கரான கோல் இன்னும் நுட்பமான வழியில் தேடினார். 1903 ஒக்டோபரில், நியூயோர்க்கில் நடந்த கணிதச் சங்கக் கூட்டத்தில், 193707721ஐ 761838257287ஆல் பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் போய் இருந்தாராம். எவ்வளவு காலம் எடுத்தது என்று கேட்டதற்கு, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம்.

அந்தப் பெருக்கலை ரீச்சர் எங்களுக்கும் தந்தா. மின்சாரம் இல்லாத காலம். குப்பி விளக்கில் செய்தோம். மறுநாள் பலகையில் எழுதி, இலக்கங்களைக் கூட்டிச் சரிபார்த்தோம். காரணிகளின் கூட்டுத்தொகைகள் 37, 64. இரண்டும் கடைசியில் 1 ஆகச் சுருங்கின. எங்கள் விடையின் கூட்டுத்தொகை 109, அதுவும் 1. கைதட்டினோம். பின் வாங்கிலிருந்த ஒருத்தி தன் கொப்பியோடு எழும்பி, "ரீச்சர், நடுவில 5உம் 8உம் இடம்மாறிக் கிடக்கு" என்றாள். இலக்கங்கள் இடம்மாறினால் கூட்டுத்தொகை மாறாதே!

"சோதனை பிழை என்றால் பிழைதான். சரி என்றால் இன்னொருக்கால் பாருங்கோ," என்றா ரீச்சர்.

அழித்துவிட்டு முதலிலிருந்து பெருக்கினோம். மணி அடித்தும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை வரைக்கும் அந்தப் பலகையை ஒருவரும் அழிக்கக் கூடாது என்று ரீச்சர் சொல்லிவிட்டா.