சட்டசபைகளும் வாயில்லா ஜீவன்களும்



பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டுப் புறப்பட்டு, அகமதாபாத்திலும் மும்பையிலும் பெங்களூரிலும் டில்லியிலும் நிலைத்துவிட்ட தமிழர்களிடம் ஒரு பொதுவான வழக்கத்தைக் காணலாம். காலையில் பத்திரிகையைப் பிரித்தவுடன் அவர்கள் கண் தேடுவது சென்னைச் செய்தியை. அங்கே எந்த மந்திரி என்ன பேசினார் என்பது அவர்களுக்குத் தெரியும். தாம் குடியிருக்கும் மாநிலத்தின் சட்டசபை நேற்று எந்த மசோதாவை நிறைவேற்றியது என்று கேட்டால், பெரும்பாலோர் சற்றுத் தயங்குவார்கள். பிறந்த மண்ணின்மீது பாசம் இருப்பது இயல்பு. அதைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆயினும், நம் வாக்குச் சீட்டு நாம் வாழும் ஊரில்தான் இருக்கிறது. அந்த ஊரின் காடும், காட்டிலுள்ள மானும், தெருவில் வண்டி இழுக்கும் மாடும் அந்த வாக்கின் பயனைத்தான் எதிர்நோக்கி இருக்கின்றன. ஆதலால், பிராணிகளின் நலத்தைப்பற்றியும் வனவிலங்குகளின் பாதுகாப்பைப்பற்றியும் நம் நாட்டுச் சட்டசபைகள் எவ்வாறு வாக்களிக்கின்றன என்பதை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பார்ப்போம். நமது அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உள்ளன. பிராணிகளை வதைப்பதைத் தடுத்தல் என்னும் விஷயம் ஆரம்பத்திலிருந்தே பொதுப் பட்டியலில் இருந்தது. அதாவது, மத்திய அரசும் மாநிலங்களும் இதுபற்றிச் சட்டம் இயற்றலாம். வனவிலங்குகளும் பறவைகளும் முதலில் மாநிலங்களின் தனி உரிமையாக இருந்தன. 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தம் அவற்றையும் காடுகளையும் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. பசுவதையைப்பற்றிய சட்டங்கள் மாநிலப் பட்டியலில் கால்நடைப் பாதுகாப்பைக் குறிக்கும் வேறொரு பதிவைச் சார்ந்தவை. அது தனியாகப் பேசவேண்டிய பொருள். இன்று அதனுள் நான் புகவில்லை.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் பிறந்தது என்று நாம் பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் அதன் வேர் மாநிலச் சட்டசபைகளில் இருக்கிறது. அப்போது வனவிலங்கு மாநிலங்களின் பொறுப்பாதலால், பாராளுமன்றம் தானாகச் சட்டம் செய்ய இயலாது. சாசனத்தின் 252-ஆவது ஷரத்தின்படி, மாநிலச் சட்டசபைகள் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டுக்கொண்டால்தான் செய்யலாம். ஆந்திரம், பீகார், குஜராத், அரியானா, இமாசலப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், மணிப்பூர், பஞ்சாப், ராஜஸ்தானம், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்காளம் ஆகிய 11 மாநிலங்கள் அவ்வாறு தீர்மானம் நிறைவேற்றின. மற்ற மாநிலங்கள் பலவும் பின்னர் இச்சட்டத்தை ஏற்றுக்கொண்டன. தமக்கு உரிய அதிகாரத்தின் ஒரு பகுதியை, விலங்குகளின் பொருட்டு, மாநிலங்கள் தாமே முன்வந்து விட்டுக்கொடுத்தன. இது மறக்கத்தகாத செய்தி.

இனி, இதே சட்டசபைகள் வேறு விதமாக வாக்களித்த ஒரு சந்தர்ப்பத்தையும் பார்ப்போம். குஜராத்தில் கட்ச் பிரதேசத்தின் மேற்குக் கோடியில் நாராயண் சரோவர் என்னும் சரணாலயம் இருக்கிறது. சிங்காரா என்னும் சிறிய மான் வாழும் முட்புதர்க் காடு அது. 1981-இல் அரசாங்கம் சுமார் 765 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பைச் சரணாலயமாக அறிவித்தது. அந்த மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல்லும் பழுப்பு நிலக்கரியும் உண்டு. சிமெண்டுத் தொழிலுக்குச் சுண்ணாம்புக்கல் உயிர்நாடி. 1993-இல் மாநில அரசு ஓர் அறிவிப்பின் மூலம் சரணாலயத்தை 95 சதுர கிலோமீட்டருக்கும் குறைவாகச் சுருக்கிவிட்டது. ஆனால் அன்றைய சட்டம் வேறு. சட்டசபையின் தீர்மானம் இல்லாமல் ஒரு சரணாலயத்தின் எல்லையை மாற்றக் கூடாது என்று அது விதித்திருந்தது. ஆகவே உயர்நீதிமன்றம் அந்த அறிவிப்பைச் செல்லாதென்று தள்ளியது. அதன்பின் 1995 ஜூலையில் விஷயம் குஜராத் சட்டசபைக்கு வந்தது. சபை தீர்மானம் நிறைவேற்றியது. சரணாலயம் சுமார் 444 சதுர கிலோமீட்டராயிற்று.

வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. தீர்மானம் அவசரமாக நிறைவேற்றப்பட்டது என்று குறை சொல்லப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்த நீதிமன்றம், மக்கள் பிரதிநிதிகள் கூடிய சபையின் முடிவை அக்காரணத்துக்காகத் தள்ளிவிட முன்வரவில்லை.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. அரசாங்க அதிகாரி செய்த காரியத்தை நீதிமன்றம் தடுத்தது. சட்டசபை செய்த காரியத்துக்கு அதே நீதி பீடங்கள் மதிப்புக் கொடுத்தன. சட்டசபை உறுப்பினர் ஒருவர் சொல்லும் ‘ஆம்’ என்ற ஒரு சொல்லுக்கு அவ்வளவு கனம் இருக்கிறது.

தமிழ்நாட்டைச் சேர்ந்த உதாரணம் ஒன்றும் உண்டு. நேயர்கள் அனைவரும் அறிந்தது. 2014 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடுத்தது. 2017 ஜனவரியில் மெரினாக் கடற்கரையிலும் தமிழகமெங்கும் இளைஞர்கள் திரண்டார்கள். முதலில் அவசரச் சட்டம் வந்தது. ஜனவரி 23-ஆம் தேதி சட்டசபை ஒருமனதாகத் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. பொதுப் பட்டியலில் உள்ள விஷயத்தில் மாநிலச் சட்டம் மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால், 254-ஆவது ஷரத்தின்படி குடியரசுத் தலைவரின் இசைவு வேண்டும், அதுவும் கிடைத்தது. கம்பளாவுக்காகக் கர்நாடகமும், மாட்டுவண்டிப் பந்தயத்துக்காக மகாராஷ்டிரமும் இதே வழியைப் பின்பற்றின. 2023 மே 18-ஆம் தேதி உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இம்மூன்று சட்டங்களும் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஒரு வழக்கம் மக்களின் பண்பாட்டைச் சேர்ந்ததா என்பதில் சட்டசபையின் கருத்தைத் தாம் மாற்றப்போவதில்லை என்று நீதிபதிகள் கூறினார்கள். ஜல்லிக்கட்டை விரும்புவோரும் விரும்பாதோரும் நம்மிடையே இருக்கிறார்கள். எவ்வாறாயினும், கடைசி வார்த்தை சட்டசபையின் வார்த்தையாகவே இருந்தது.

அப்படியானால், இந்த வார்த்தை எவ்வாறு சொல்லப்படுகிறது? சபாநாயகர் மசோதாவைச் சபையின் முன் வைப்பார். ‘ஆம்’ என்போர் குரல் கொடுப்பார்கள். ‘இல்லை’ என்போர் குரல் கொடுப்பார்கள். ‘ஆம்’ என்போரே அதிகம் என்று சபாநாயகர் அறிவிப்பார், மசோதா நிறைவேறிவிடும். இதற்குக் குரல் வாக்கெடுப்பு என்று பெயர். யார் எப்படிக் குரல் கொடுத்தார் என்பது எந்தக் குறிப்பிலும் ஏறாது. யாரேனும் ஓர் உறுப்பினர் எழுந்து, எண்ணிப் பார்க்கவேண்டும் என்று வற்புறுத்தினால் டிவிஷன் நடைபெறும். மணி ஒலிக்கும், வெளியே சென்றவர்கள் உள்ளே வருவார்கள், கதவுகள் சாத்தப்படும், வாக்குகள் எண்ணப்படும். கன்றை இழந்த பசு சோழன் அரண்மனையில் ஆராய்ச்சி மணியை அசைத்த கதையை நாம் கேட்டு வளர்ந்தவர்கள். சட்டசபையில் உள்ள மணியைப் பசு அசைக்க முடியாது. ஓர் உறுப்பினர்தான் அசைக்கச் செய்ய வேண்டும். பெரும்பாலான மசோதாக்கள் அந்த மணி ஒலிக்காமலே நிறைவேறிவிடுகின்றன.

இன்னொரு தடையும் உண்டு. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, தம் கட்சியின் கட்டளைக்கு மாறாக வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்க நேரிடலாம். கட்சிக் கொறடா உத்தரவு போட்டுவிட்டால், உறுப்பினரின் சொந்த மனச்சாட்சிக்கு வாக்கெடுப்பில் அதிக இடமில்லை. ஆகவே, ‘எங்கள் உறுப்பினர் விலங்குகளிடம் அன்புள்ளவர்’ என்று சொல்லித் திருப்தியடைவது போதாது. அவருடைய கட்சி என்ன சொல்கிறது என்பதையும் அறியவேண்டும்.

இதனால் தனி உறுப்பினரால் ஒன்றுமே ஆகாது என்று எண்ணிவிட வேண்டாம். கொறடாவின் உத்தரவு வாக்களிப்பைத்தான் கட்டுப்படுத்துகிறது. கேள்வி கேட்பதையும், விவாதத்தில் பேசுவதையும், தனி மசோதா கொண்டுவருவதையும் அந்தச் சட்டம் தடுப்பதில்லை. இதற்குச் சிறந்த சான்று ருக்மிணி தேவி அருண்டேல் அவர்கள். மதுரையில் பிறந்து, கலாக்ஷேத்திரத்தை நிறுவி, பரதக் கலைக்குப் பெருமை தேடித்தந்த அவர் 1952-இல் ராஜ்ய சபைக்கு நியமிக்கப்பட்டார். கட்சி பலம் ஏதும் அவருக்கு இல்லை. இருந்தும், பிராணிகளை வதைப்பதைத் தடுக்க ஒரு தனி மசோதாவைக் கொண்டுவந்தார். பிரதமர் நேரு அவர்கள், அரசாங்கமே இதற்கென ஒரு மசோதா கொண்டுவரும் என்று வாக்களித்ததன் பேரில் அவர் தம் மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த வாக்குறுதியின் பயனே 1960-ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டம். 1962-இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. மசோதா வாக்கெடுப்புக்கு வராமலே வெற்றி பெற்ற அபூர்வமான நிகழ்ச்சி இது.

ஆனால், அந்தச் சட்டத்தில் ஒரு குறை வெகுகாலமாக இருந்துவருகிறது. ஒரு பிராணியை அடித்தோ, அளவுக்கு மீறிச் சுமை ஏற்றியோ வதைப்பவருக்கு, முதல் குற்றமாயின், 50 ரூபாய்க்கு மேற்படாமல் அபராதம் என்று 1960-இல் எழுதினார்கள். அன்று 50 ரூபாய் ஓர் ஏழைத் தொழிலாளியின் பெருந்தொகை. அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்தும் அத்தொகை உயர்த்தப்படவில்லை. பொதுப் பட்டியலில் உள்ள விஷயமாதலால், குடியரசுத் தலைவரின் இசைவோடு மாநிலச் சட்டசபைகளும் இதைத் திருத்தலாம். ஜல்லிக்கட்டுக்காகத் திறந்த அதே கதவு இதற்கும் திறக்கக்கூடியதுதான்.

மறுபக்கத்தையும் பேசாமல் விடுவது நியாயமன்று. நகரத்தில் இருந்துகொண்டு விலங்குகளுக்காகப் பரிவு காட்டுவது எளிது. காட்டோரத்தில் கடன் வாங்கிப் பயிரிட்டவனுடைய விளைச்சலைக் காட்டுப்பன்றி ஓர் இரவில் உழுதுவிடுகிறது. யானையின் காலடியில் உயிரிழப்பவர்களும் உண்டு. 2015-இல் பீகாரில் நீல்காய் என்னும் பெரிய மானையும் காட்டுப்பன்றியையும், 2016-இல் இமாசலத்தின் சில பகுதிகளில் குரங்கையும் பயிர் அழிக்கும் பிராணிகள் என மத்திய அரசு குறிப்பிட்ட காலத்துக்கு அறிவித்தது. 2025-இல் கேரளச் சட்டசபை, மனிதரைத் தாக்கும் விலங்குகளின்மீது விரைவில் நடவடிக்கை எடுக்க வகைசெய்யும் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. இத்தகைய வாக்குகளைக் கருணையற்றவை என்று ஒதுக்கிவிட முடியாது. பயிர் நஷ்டத்துக்கு உரிய காலத்தில் ஈடு கிடைத்தால் விவசாயியின் கோபம் தணியும். அந்த ஈட்டுத்தொகைக்கு மாநில வரவு செலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்குவதும் சட்டசபையின் வாக்குத்தான். மானியக் கோரிக்கையின்மீது அளிக்கும் அந்த வாக்கை விலங்குகளுக்கான வாக்கு என்று நாம் எண்ணுவதில்லை, எண்ணவேண்டும்.

சரணாலய எல்லையைப்பற்றிய சட்டமும் பின்னர் மாறிவிட்டது. 2002-ஆம் ஆண்டின் திருத்தம் 2003-இல் அமலுக்கு வந்தபின், எல்லையை மாற்றுவதற்குச் சட்டசபைத் தீர்மானத்துக்குப் பதிலாகப் பிரதமரின் தலைமையில் உள்ள தேசிய வனவிலங்கு வாரியத்தின் சிபாரிசு தேவை என்றாயிற்று. ஆயினும் மாநிலத்தில் முதலமைச்சரைத் தலைவராகக் கொண்ட மாநில வனவிலங்கு வாரியம் ஒன்று உண்டு. அதில் மாநிலச் சட்டசபையைச் சேர்ந்த மூவர் அங்கம் வகிக்கவேண்டும். வாரியம் ஆண்டுக்கு இருமுறையேனும் கூடவேண்டும் என்பது சட்டம்.

வெளி மாநிலத்தில் வாழும் நாம் செய்யத்தக்கவை பெரிய காரியங்கள் அல்ல. வழக்கமாகக் குடியிருக்கும் தொகுதியில்தான் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்பது தேர்தல் சட்டம். அதன்படி முதலில் நம் பெயரைச் சேர்ப்போம். வாக்குக் கேட்டு வரும் வேட்பாளரிடம், சாலை, தண்ணீர் ஆகியவற்றோடு இந்தக் கேள்விகளையும் கேட்போம். மாநில வனவிலங்கு வாரியத்தில் இருக்கும் மூன்று உறுப்பினர்கள் யார்? கடந்த ஆண்டில் அது எத்தனை முறை கூடியது? பயிர் நஷ்ட ஈடு எத்தனை மாதத்தில் விவசாயியின் கைக்குப் போய்ச் சேருகிறது? விலங்குகளைப்பற்றிய மசோதா வந்தால், டிவிஷன் கேட்டுத் தம் வாக்கைப் பதிவு செய்யச் சம்மதிப்பாரா? அந்த மாநிலத்தின் பாஷை நமக்குச் சரளமாக வராவிட்டால், பள்ளிக்கூடத்தில் அதைப் படித்துவரும் நம் குழந்தைகள் எழுதித் தருவார்கள். தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவும் இசை விழாவும் நடத்துகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை தொகுதி உறுப்பினரை அழைத்து இவற்றைக் கேட்பதற்கு ஒரு மாலைப்பொழுது ஒதுக்கினால், அதுவும் அச்சங்கங்களுக்குப் பெருமையே.

பிராணிகளிடம் கருணை காட்டுவது குடிமக்களின் கடமை என்று சாசனத்தின் 51-அ ஷரத்து 1976 முதல் கூறிவருகிறது. அக்கடமைக்கு மாநில எல்லை கிடையாது. கட்ச் முட்காட்டில் வாழும் சிங்காரா மானுக்குத் தமிழும் தெரியாது, குஜராத்தியும் தெரியாது. அதன் காடு எவ்வளவு இருக்கும் என்பது ஒரு சபையில் எழுந்த குரல்களால் ஒருமுறை நிர்ணயிக்கப்பட்டது. அத்தகைய குரல்களுள் ஒன்றை அனுப்பிவைக்கும் உரிமை அகமதாபாத் மணிநகரில் வாழும் தமிழருக்கும் இருக்கிறது. அந்த உரிமையை அவர் அறிந்து பயன்படுத்தவேண்டும் என்பதே என் விண்ணப்பம்.