25 கி.மீ. லாக்கை எடுத்தால் என்ன ஆகும்?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற மின்பொறியாளரான குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஸ்டில்ட் பார்க்கிங்கில் நம்பர் பிளேட் இல்லாத சின்ன எலக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் கூடிக்கொண்டே வருகின்றன. பிள்ளைகள் டியூஷனுக்குப் போக, பெரியவர்கள் காய்கறி வாங்க என்று ரொம்ப வசதியான வண்டி. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அவற்றில் சில, கேட்டுக்குள்ளேயே 25-ஐத் தாண்டிப் போகின்றன. விசாரித்தால், "லாக் எடுத்துட்டோம் அங்கிள், கன்ட்ரோலர்ல ஒரு ஒயர்தான்" என்கிறார்கள். சில கடைகளில் வாங்கும்போதே சலுகை மாதிரி எடுத்துக் கொடுத்துவிடுகிறார்களாம்.

என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "இதனால் மோட்டார் சீக்கிரம் போய்விடுமா?" போய்விடும். ஏன் என்று சொல்கிறேன்.

வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 150 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் 25 கி.மீ. வேகத்தில் போக, என் கணக்குப்படி 270 வாட் அளவுக்குத் தேவை. 250 வாட் மோட்டாருக்கு அது கிட்டத்தட்ட அளவெடுத்துத் தைத்த சட்டை. அதே வண்டி 45-ல் போனால் சுமார் 950 வாட் வேண்டும். வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, சுமை மூன்றரை மடங்கு ஆகிவிட்டது. காரணம் காற்று. காற்றை எதிர்க்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏறும்.

"மேம்பாலம் ஏறும்போதும் மோட்டார் அதிகமாக இழுக்கிறதே, அப்போது ஒன்றும் ஆகவில்லையே?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பாலம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு மோட்டாருக்கு ஆற நேரம் கிடைக்கும். லாக் இருக்கும் வரை அந்த ஓய்வு தானாகக் கிடைக்கிறது. எடுத்துவிட்டால் ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகியபடியே போகிறோம், பாலம் முடிவதே இல்லை. கரண்ட் இரட்டித்தால் செம்புக் கம்பியில் சூடு நாலு மடங்கு. சக்கரத்துக்குள் மூடி வைத்த மோட்டார், ஃபேன் கிடையாது. கம்பி மேல் பூசிய இனாமல் கருகி, சுற்றுக்குச் சுற்று ஷார்ட் ஆகும். காந்தம் சூட்டில் வலுவிழக்கும். பல நேரம் அதற்கும் முன்னாலேயே கன்ட்ரோலர் போய்விடும்.

பெட்ரோல் வண்டியோடு இதை ஒப்பிடாதீர்கள். ஐரோப்பாவில் 50 சிசி ஸ்கூட்டர்களை 45 கி.மீ.க்குக் கட்டுப்படுத்தி விற்கிறார்கள். அங்கேயும் பையன்கள் அதை அவிழ்க்கிறார்கள். அதில் பல எஞ்சின்கள் அதைவிட வேகமாக ஓடக்கூடியவைதான், கட்டுப்பாடு பிறகு மாட்டியது. பெட்ரோல் கலவையைச் சரியாக வைத்தால் கொஞ்ச காலம் தாங்கும், வைக்காவிட்டால் டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் ஜாம். நம் 250 வாட் வண்டியில் அப்படி ஒளித்து வைத்த பலம் எதுவும் கிடையாது.

பேட்டரிக் கணக்கும் இதேதான். 45-ல் ஓடினால் ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் மின்சாரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒருநாள் விட்டு ஒருநாள் சார்ஜ் போட்டவர் தினமும் போட வேண்டும். பேட்டரியின் ஆயுளை நாம் வருடத்தில் எண்ணுகிறோம், அது சார்ஜ் சுற்றில் எண்ணுகிறது. லெட் ஆசிட் பேட்டரியாக இருந்தால், வேகமாக உறிஞ்ச உறிஞ்ச அதன் கொள்ளளவே குறையும். மோட்டார் போனால் மாற்றலாம். பேட்டரி விலை எவ்வளவு என்று வாங்கியவர்களுக்குத் தெரியும். லாக்கை எடுத்த வண்டிக்கு வாரண்டி கேட்டுப் போகவும் முடியாது.

சரி, பணம் போனால் போகட்டும். எனக்கு உண்மையான கவலை வேறு.

பிரேக்கும் டயரும் 25-க்குப் போட்டவை. 45-ல் பிரேக் பிடித்தால் நிற்க ஆகும் தூரம் மூன்று மடங்குக்கு மேல். நம் கேட் எதிரே பஸ் நிற்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள்.

இந்த வண்டிக்கு லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் வேண்டாம் என்பது சும்மா வந்த சலுகை அல்ல. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 250 வாட்டுக்குக் குறைந்த திறன், 25 கி.மீ.க்குக் குறைந்த வேகம், பேட்டரி நீங்கலாக 60 கிலோவுக்கு மிகாத எடை இருந்தால்தான் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. அந்த ஒயரைப் பிடுங்கிய நிமிடம் அது மோட்டார் வாகனம். 14 வயதுப் பிள்ளைக்கு எந்த லைசென்ஸும் கிடையாது. 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவுப்படி, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. அதைவிடப் பெரியது: நடந்துபோகிற ஒருவரை இடித்துவிட்டால், இன்சூரன்ஸ் இல்லாத வண்டிக்கான இழப்பீட்டை உரிமையாளர் கையிலிருந்துதான் தர வேண்டும். அது வீட்டை விற்கிற அளவுக்குப் போகலாம்.

சார்ஜ் போடுவது பற்றி ஒரு வார்த்தை. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து, அப்பாவும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். இதை வேகத்துக்காகச் சொல்லவில்லை, புகைக்காகச் சொல்கிறேன். பேட்டரியை வீட்டுக்குள், வாசல் பக்கம் சார்ஜ் போடாதீர்கள். படிக்கட்டுக்குக் கீழேயும் வேண்டாம். ஓட்டி வந்ததும் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஆறிய பிறகு போடுங்கள். லாக் எடுத்த வண்டி சூடாகத்தான் வரும்.

உங்கள் வண்டி எப்படி இருக்கிறது என்று தெரியாவிட்டால், லைசென்ஸ் உள்ள பெரியவர் ஒருவர் காலையில் தெரு காலியாக இருக்கும்போது ஓட்டிப் பார்க்கட்டும். செல்போனில் ஜி.பி.எஸ். காட்டும் வேகத்தை நம்புங்கள், வண்டி மீட்டரை அல்ல. 25-ஐத் தாண்டினால் வாங்கிய இடத்துக்கே கொண்டுபோய், லாக்கைத் திரும்பப் போட்டு பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் என்னிடம் வாருங்கள், நானும் கூட வருகிறேன். மாலையில் பெரும்பாலும் பூங்கா பெஞ்சில்தான் இருப்பேன்.