கல்கியின் எழுத்துப் பணி
(பூவிருந்தவல்லியில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய இவ்வூர்களில் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் ‘பொன்னியின் செல்வன்’ இருக்கக் காண்கிறோம். நூலை அறிந்த நாம், அதனை இயற்றியவரின் உழைப்பையும் அறிதல் கடமையன்றோ?

‘கல்கி’ ரா. கிருஷ்ணமூர்த்தி 1899-ஆம் ஆண்டு மாயூரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் பிறந்தார். 1921-இல் காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பைக் கேட்டுத் திருச்சியில் பயின்றுவந்த பள்ளியைத் துறந்தார். மறு ஆண்டு சிறை புகுந்தார். வெளிவந்தபின் அவருக்குப் பத்திரிகைத் தொழில் கற்பித்தது திரு. வி. கலியாணசுந்தரனாரின் ‘நவசக்தி’. திரு. வி. க. பிறந்த துள்ளம் நமது பூவிருந்தவல்லிக்கு அண்மையிலுள்ள சிற்றூரே. ஆசானின் பெயரிலிருந்து ‘கல்’லையும் தம் பெயரிலிருந்து ‘கி’யையும் கூட்டிக் ‘கல்கி’ எனக் கொண்டார் என்று கூறுவாரும் உளர். திருமாலின் பத்தாம் அவதாரத்தைக் கருதியே கொண்டார் என்பாரும் உளர்.

அவர் கைவைக்காத துறை யாது? திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியுடன் இருந்து மதுவிலக்குக்காக ‘விமோசனம்’ என்னும் பத்திரிகையில் உழைத்தார். ‘ஆனந்த விகட’னில் நகைச்சுவை எழுதினார்; ‘கர்நாடகம்’ என்னும் மற்றொரு பெயரில் சங்கீத விமரிசனம் செய்தார். அவரது ‘தியாகபூமி’ 1939-இல் படமாக வெளிவந்து, அரசாங்கத்தின் தடைக்கும் உள்ளாயிற்று. 1941-இல் நண்பர் சதாசிவத்துடன் சொந்தப் பத்திரிகை தொடங்கினார். ‘சாவித்திரி’ படத்தில் எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் நடித்துப் பெற்ற ஊதியமே அதற்கு முதலாயிற்று. ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’ ஆகியவை அப்பத்திரிகையிலேயே வாரந்தோறும் வளர்ந்தன. 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ வந்தது. அவ்வாண்டு டிசம்பர் 5-ஆம் நாள் அவர் மறைந்தார். 1956-இல் ‘அலை ஓசை’க்குச் சாகித்திய அகாதமி பரிசு வழங்கப் பெற்றது.

இத்தனை துறைகளிலும் அவர் கொண்ட நோக்கம் ஒன்றே: படிக்கும் வழக்கமில்லாதவரையும் படிக்கச் செய்தல். அதனாலேயே சோழர் சரித்திரம் புலவர் வீட்டைக் கடந்து அடுக்களைக்கும் வந்து சேர்ந்தது.

அன்பர்களே! படிப்பை விடுமாறு நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லவில்லை. அவர் விட்டது ஒரு தேசத்தின் அழைப்புக்காக. ஆனால் கதை எழுதும் பிள்ளையைக் கண்டால், “இது சோறு போடுமா?” என்று நாம் வாயடைக்கிறோம். பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் உபகாரச் சம்பளம் அளிக்கும் நாம், எழுத்துக்கு ஒரு காசேனும் ஒதுக்கியதுண்டா?

மற்றொன்றும் எண்ணத்தக்கது. நாம் பிறப்பினால் கூடியவர்கள். கல்கி என்னும் பெயரோ குலத்தையும் ஊரையும் சொல்லவில்லை. எழுத்தை மட்டுமே காட்டிற்று. படித்தவரும் இன்ன குலத்தார் எழுதியதென்று கேட்டுப் பிறகு படித்தாரில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். நம் மாத இதழில் இரண்டு பக்கங்களை இளைஞர்க்கு விடுவோம். நம் பிள்ளைகளோடு அண்டை வீட்டுப் பிள்ளைகளும், எக்குலத்தவராயினும், அதில் எழுதட்டும். எல்லோரும் புனைபெயரிலேயே எழுதட்டும். தேர்ந்தெடுப்போர்க்கு உண்மைப் பெயர் தெரிய வேண்டாம். முதற்பரிசு நம் வீட்டுக்கு வராமற் போகலாம். அதனை மனமாரக் கைகொட்டி வழங்கும் நாளிலே நம் சங்கம் மேலும் ஒரு படி உயர்ந்ததாகும்.

இதனைச் சபையோர் ஏற்றருளுமாறு வேண்டி அமைகிறோம்.