கண் அறுவையும் தழும்பைத் தடுக்கும் மருந்தும்



கண்ணுள் ஊறும் நீர் வடிய வழியின்றித் தேங்கினால் அழுத்தம் மிகுந்து பார்வை நரம்பு நலிவுறும். இதனைக் கிளாக்கோமா என்பர். பெரும்பாலும் வலியின்றியே வரும். இழந்த பார்வை மீளாது. சொட்டு மருந்தாலும் லேசர் ஒளியாலும் அழுத்தம் தணியாதபோது, கண்ணின் வெண்பகுதியில் மருத்துவர்கள் சிறு வடிகால் அமைக்கின்றனர். 1968ஆம் ஆண்டில் கேர்ன்ஸ் என்பார் விளக்கிய இம்முறை இன்றும் கையாளப்படுகிறது.

வெட்டிய பட்டை மீண்டும் வளர்ந்து மூடிக்கொள்வதை இரப்பர்த் தோட்டத்தில் வாழும் நாம் அறிவோம். மரத்துக்கு அது நன்மை. கண்ணிலோ, புண் ஆறித் தழும்பு ஏறினால் புதிய வடிகால் அடைபட்டுவிடும். அதனைத் தடுக்கவே மைட்டோமைசின்-சி என்னும் மருந்து பயன்படுகிறது. இது புற்றுநோய்க்கும் உரிய மருந்தாகும். இதில் நனைத்த சிறு பஞ்சினை அறுவையின்போது சில நிமிடங்கள் வைத்தெடுத்து, அவ்விடத்தை நன்கு கழுவிவிடுவர். 1980களில் தைவானில் இம்முறை தொடங்கிற்று.

மருந்து வலிமை மிக்கது. வடிகாலின் மேலுள்ள சவ்வு மெலியலாம். நீர் மிகுதியாகக் கசியலாம். ஆண்டுகள் கழிந்தும் கிருமி புகலாம். ஆகவே, அறுவை முடிந்ததும் நம் கடமை முடிந்துவிடுவதில்லை. ஒரு நாள் சம்பளம் போகுமே என்று தயங்காமல், குறித்த நாளில் மருத்துவரைக் காண வேண்டும். கண்ணைக் கசக்கலாகாது. கண் சிவந்தாலோ, வலித்தாலோ, பீளை கட்டினாலோ, பார்வை மங்கினாலோ அன்றே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருப்பின், நாமும் கண்களைச் சோதித்துக்கொள்வோம். உள்ள பார்வையைக் காப்பது நம் கையில் உள்ளது.